ஆக்சிஜன் சிலிண்டரோடு தள்ளுவண்டியும் கொடுப்போம்



2021 மே மாதத்தை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. கொரோனா இரண்டாம் அலையில் படூர், கேளம்பாக்கம், செங்கல்பட்டு என எங்கும் மக்கள் ஆக்சிஜனுக்காக அலைந்தார்கள். மருத்துவமனைக்கு உதவ வேண்டும் என்றால் சிலிண்டர் வாங்கிக் கொடுக்கலாம் என்ற எண்ணம் அன்று முதல் பலருக்கும் வருகிறது. நல்ல எண்ணம். ஆனால் அந்தச் சிலிண்டர் மருத்துவமனை வாசலிலிருந்து நோயாளியின் கட்டில் வரை எப்படிப் போகும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எடையும் அழுத்தமும்

மருத்துவமனைகளில் பயன்படும் பெரிய சிலிண்டர் ஏறக்குறைய 7,000 லிட்டர் ஆக்சிஜன் கொள்ளும். வெறும் இரும்பே 50 கிலோவுக்கு மேல் இருக்கும். நிரப்பினால் இன்னும் 9 அல்லது 10 கிலோ கூடும். ஒரு ஆளின் எடை! கைப்பிடி கிடையாது, உருண்டை வடிவம், அடிப்பாகம் சிறியது. இதை ஒருவர் சாய்த்துப் பிடித்து, அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டு போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தரை ஈரமாக இருந்தால் போதும், நழுவிக் காலில் விழும்.

அழுத்தம் அதைவிடப் பெரிய ஆபத்து. நிரப்பிய சிலிண்டருக்குள் கார் டயரில் இருப்பதைப் போல 60 மடங்குக்கும் மேல் அழுத்தம் இருக்கிறது. கீழே விழுந்து மேலே உள்ள வால்வு உடைந்தால், வெளியேறும் வாயு சிலிண்டரையே ராக்கெட் போலத் தள்ளிவிடும். அதனால்தான் எரிவாயு சிலிண்டர் விதிகள் (2016), சிலிண்டரை நகர்த்த இயன்றவரை உறுதியான தள்ளுவண்டியைப் பயன்படுத்த வேண்டும் என்றும், கீழே போடவோ இழுத்துச் சறுக்கவோ கூடாது என்றும் சொல்கின்றன.

நல்ல வண்டி எப்படி இருக்கும்?

இரண்டு சக்கர வண்டியே போதும். அடியில் சிலிண்டர் நிற்க ஒரு தட்டு, முதுகுப்புறம் வளைந்த தாங்கி, நடுவில் கட்டுவதற்குச் சங்கிலி. வண்டியைப் பின்னால் சாய்த்ததும் எடையின் பெரும்பகுதி அச்சின் மேல் இறங்கிவிடும். தள்ளுபவரின் இடுப்பில் ஏறாது. வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

1. சக்கரம் பெரியதாக இருக்கட்டும். சின்னச் சக்கரம் வாசற்படியிலும் லிஃப்ட் இடுக்கிலும் மாட்டி நிற்கும்.
2. சக்கரம் ரப்பராக இருக்கட்டும். இரவில் வார்டில் சத்தம் வராது, தரையையும் பிடித்துக்கொள்ளும்.
3. சங்கிலியும் கொக்கியும் உறுதியாக இருக்கட்டும். பல இடங்களில் முதலில் காணாமல் போவது இதுதான். துணியால் கட்டி ஓட்டுவது சரியல்ல.
4. நான்கு சக்கர வண்டி என்றால் பிரேக் அவசியம். சாய்தளத்தில் கை விட்டால் அது நிற்காது.

கொடுத்த பிறகும் கவனிக்க வேண்டும். சக்கர அச்சில் நூலும் தலைமுடியும் சுற்றிக்கொள்ளும். மாதம் ஒருமுறை எடுத்துவிட்டால் வண்டி சுலபமாக ஓடும். அச்சுக்கு எண்ணெய் போட்ட கையோடு வால்வைத் தொடவே கூடாது. அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய்ப் பசை தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.

உறவினர்கள் கவனத்திற்கு

ஸ்ட்ரெச்சரில் நோயாளியைக் கொண்டுபோகும்போது, சிறிய சிலிண்டரை அவருடைய கால்களுக்கு நடுவில் படுக்க வைப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு திருப்பத்தில் அது உருண்டால் அடிபடுவது நோயாளிதான். ஸ்ட்ரெச்சரின் அடியில் சிலிண்டர் தாங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தனி வண்டியில் வைத்து ஒருவர் கூடவே தள்ளி வரட்டும்.

ஊழியர் கிடைக்கவில்லை என்பதற்காக நாமே சிலிண்டரைத் தூக்கவும் வேண்டாம். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளியோடு வந்த உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டருடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனார். இயந்திரத்தின் காந்தம் சிலிண்டரோடு அவரையும் இழுத்துக்கொண்டது; அந்த இளைஞர் உயிரிழந்தார். அந்தக் காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். இரும்பு சிலிண்டர், சாதாரண தள்ளுவண்டி, சக்கர நாற்காலி எதுவும் அந்த அறையின் வாசலைத் தாண்டக் கூடாது.

சுமப்பவரையும் நினைப்போம்

நோயாளிக்காக துஆ செய்கிறோம். மருத்துவருக்கு நன்றி சொல்கிறோம். ஒரு நாளில் எத்தனையோ சிலிண்டர்களை நகர்த்திவிட்டு இடுப்பு வலியோடு வீடு திரும்பும் ஊழியரை நினைப்பதில்லை. பணியாளர் மீது அவர் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றக் கூடாது, ஏற்ற நேர்ந்தால் கூட நின்று உதவ வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த பாடம். ஒரு தள்ளுவண்டி அந்த உதவியை நாள்தோறும் செய்துகொண்டிருக்கும்.

எனவே, மருத்துவமனைக்கு சிலிண்டர் கொடுக்க நினைப்பவர்கள் அதோடு ஒரு வண்டியும் கொடுங்கள். வாங்கும் முன் அங்கே வேலை செய்யும் ஊழியரிடம் எது தேவை என்று கேளுங்கள்; கதவின் அகலமும் சாய்தளத்தின் சரிவும் அவருக்குத்தான் தெரியும். அந்த வண்டி ஓடும் காலமெல்லாம் இன்ஷா அல்லாஹ் அது உங்களுக்கு ஸதகத்துல் ஜாரியாவாக அமையும்.