திருவுருவமா, கலைப்பொருளா?

பிற சமயத்தாரின் திருவுருவங்களை அருங்காட்சியகத்தில் காணும்போது நாம் காண்பது யாது? பாரிஸ் நகரத்துக் கிமே அருங்காட்சியகத்தின் வரலாறு இவ்வினாவைத் தெளிவாக்குகிறது.

லியோன் நகரத் தொழிலதிபரான எமீல் கிமே 1876-இல் கீழ்த்திசை நாடுகளுக்குப் பயணமானார். அவர் நாடியது அழகு அன்று. சமயங்களைப் பற்றிய அறிவு. 1879-இல் லியோனில் தொடங்கி 1889-இல் பாரிசுக்கு மாறிய அவரது அருங்காட்சியகம் சமயங்களுக்கென்றே அமைந்தது. கியோத்தோவின் தோஜி ஆலயத்துப் பௌத்தத் திருவுருவத் தொகுதியைச் சிறிய அளவில் செய்வித்து அங்கு வைத்தார். தனியுருவத்தின் எழிலைவிட உருவங்களின் ஒழுங்கே சமயத்தை உணர்த்தும் என்பது கருத்து. 1891-இல் ஜப்பானியக் குருமார் அங்கேயே பௌத்த வழிபாடு நடத்தினர்.

கிமே 1918-இல் மறைந்தார். 1945-இல் அங்கிருந்த எகிப்தியப் பொருள்கள் லூவருக்குச் சென்றன. லூவரின் ஆசியக் கலைப்பொருள்கள் கிமேக்கு வந்தன. கிமேயின் மறைவுக்குப் பின் நாடு, காலம், கலைப்பாணி ஆகியவையே வரிசைக்கு அடிப்படையாயின.

கலைமுறை கைத்திறனைக் காட்டுகிறது, வழிபட்டோரை மறைக்கிறது. சமயமுறை நம்பிக்கையை விளக்குகிறது. ஆயினும் உயிருள்ள வழிபாட்டைப் பாடப்பொருளாக்கிவிடுகிறது.

அத்தேனே பட்டணத்தில் பவுலின் உள்ளம் வைராக்கியங்கொண்டது, எனினும் அவர் அங்குள்ள வழிபாட்டுக்குரியவற்றைக் கவனித்துப் பார்த்த பின்னரே மார்ஸ் மேடையில் பேசினார் (அப். 17). நம் சபையாருள் பலர் இவ்வுருவங்களை இகழ்ந்து கடக்கின்றனர். கற்றோராகிய நாமோ கலையெனப் புகழ்ந்து கடக்கிறோம். இரண்டும் அயலாரைக் காணாத பார்வைகளே. இதன்முன் நின்றவர் யார், எதற்காக ஏங்கினார் என்று கேட்டறியாத நாம், அவருக்கு நற்செய்தியை எங்ஙனம் எடுத்துரைப்போம்?