காலனியில் கழிவு கொட்டுவதும் வன்கொடுமையே

சாகுபுரம் ரசாயன ஆலையும் உப்பளமும் சூழ்ந்த ஊர். கழிவு என்றால் என்ன, அது மண்ணிலும் நீரிலும் இறங்கினால் என்ன ஆகும் என்பதை இப்பகுதி மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கழிவைக் கொட்டியவர் மீது எந்தச் சட்டத்தில் புகார் கொடுப்பது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சட்டவிரோதமாகக் கழிவு ஏற்றிவரும் லாரி ஊரின் நடுவே நிற்பதில்லை. ஓடை, குளக்கரை, சுடுகாட்டுப் பாதை, காலனிக்குப் பின்னால் கிடக்கும் புறம்போக்கு என்று கேட்க ஆளில்லாத இடமாகப் பார்த்துத்தான் கொட்டுகிறது. பிறகு அதை வெறுங்கையால் அள்ளுவதும் பெரும்பாலும் நம் மக்களே.

2024 டிசம்பரில் நெல்லை மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைகளின் கழிவுகள் கொட்டப்பட்டன. அவை எங்கிருந்து வந்தன என்பதைக் குப்பையில் கிடந்த மருத்துவமனைக் காகிதங்களே காட்டிக்கொடுத்தன. மக்கள் குரல் எழுப்பினர். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கழிவை 3 நாளில் அகற்றும்படி கேரளத்துக்கு உத்தரவிட்டது. வந்த கழிவு லாரிகளில் திரும்பிப் போனது. மருத்துவக் கழிவு கொட்டுவோரைக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கவும் 2025-இல் தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் செய்தது.

இவற்றோடு நமக்கென்றே இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ வசிக்கும் இடத்திலோ அதன் வாசலிலோ பிறர் மலம், சாக்கடை, செத்த விலங்கு போன்ற அருவருப்பான பொருளைக் கொட்டினால் பிரிவு 3(1)(பி) பாயும். தீங்கு செய்யவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ எண்ணி அக்கம்பக்கத்தில் கொட்டினால் பிரிவு 3(1)(சி). தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

எனவே கழிவு கொட்டப்பட்டால் உடனே படம் எடுங்கள். வண்டி எண், நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கழிவைக் கையால் தொடாதீர்கள். 'குப்பை கொட்டினார்கள்' என்று மட்டும் எழுதாமல், எந்தக் குடியிருப்பில் கொட்டினார்கள் என்பதையும் மேற்கண்ட பிரிவுகளையும் புகாரில் குறிப்பிடுங்கள். நகல்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியருக்கும் கொடுங்கள். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் 14566 என்ற எண்ணை அழையுங்கள்.

மாணவர்களே, உங்கள் தெருவில் புகார் எழுதத் தெரிந்த முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அந்தப் பேனாவை எடுங்கள்.