ஓலை அடுப்பும் கரி அடுப்பும்: கொடுவாவும் பாறையும் தூண்டிலில் இழுக்கும் விதம்

கொடுவாவின் இழுப்பு பெரிதா, பாறையின் இழுப்பு பெரிதா என்று தூண்டில்காரர்களிடம் கேட்டால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். நாம் மீன்கடைக்குப் போவோம். இரண்டிலும் ஒவ்வொன்றை முழுசாக வாங்கி வந்தால் அரிவாள்மனையிலேயே விஷயம் விளங்கிவிடும். கொடுவாவுக்கு அலைய வேண்டியதில்லை. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் அதன் குஞ்சுகளைப் பொரிக்க வைத்தது. இன்று பண்ணைக் கொடுவாவும் சந்தைக்கு வருகிறது.

முதலில் இரண்டையும் குறுக்கே வெட்டுங்கள். சதையில் பெரும்பகுதி வெள்ளை. பக்கவாட்டில், தோலை ஒட்டி, கருஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும். கொடுவாவில் அது மெல்லியது, பாறையில் எடுப்பாகத் தெரியும். வாடை அடிக்கும் என்று சிலர் அரிந்து எறிவது அதைத்தான்.

வெள்ளைச் சதை, ஓலை எரியும் அடுப்பு. பற்றியதும் குப்பென்று எரியும். சேர்த்துவைத்த சர்க்கரைச் சத்தை ஆக்சிஜனுக்குக் காத்திராமல் எரித்துவிடும். அதனால் சீக்கிரம் அடங்கியும் போகும். லாக்டிக் அமிலம் என்னும் சாம்பல் குவிந்துவிடும். சிவப்புப் பட்டையோ கரி அடுப்பு. ரத்த ஓட்டம் அங்கே அதிகம், ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினும் அதிகம். சிவப்பு நிறமே அதனால் வந்ததுதான். நிதானமாக, நெடுநேரம் எரியும்.

அடுத்து வாலைப் பாருங்கள். கொடுவாவுக்கு அகலமான வட்ட வால். ஒரே வீச்சில் நிறையத் தண்ணீரைத் தள்ளும், ஆனால் நெடுந்தூரம் நீந்தத் தோதுப்படாது. ஆகவே அது பிச்சாவரம் போன்ற இடங்களில் அலையாத்தி வேர்களுக்குள் ஒதுங்கி நிற்கும். இறாலோ மடவையோ பக்கத்தில் வந்ததும் வாயைத் திறந்து செவுள்மூடிகளை விரிக்கும். வாய்க்குள் அழுத்தம் சட்டென்று குறையும், தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். நீர்மட்டத்தில் இது நடந்தால் ‘பொளக்’ என்ற சத்தம் கரைக்கே கேட்கும்.

பாறையின் வால் ஆழமாகப் பிளந்தது. வாலடி மெலிந்திருக்கும், இருபுறமும் கெட்டியான முள்செதில்கள் வரிசையாக நிற்கும். குழம்புக்கு முன் நாம் சீவி எடுப்பது அவற்றைத்தான். இது துரத்துவதற்கான உடம்பு. பாறைகளிலேயே பெரிய இனத்தை ‘ஜி.டி.’ என்பார்கள், அதைத் தேடித்தான் அந்தமானுக்குத் தூண்டிலோடு போகிறார்கள். செஷல்ஸ் தீவுகளில் அது தண்ணீரிலிருந்து எம்பிக் கடற்பறவைகளைக் கவ்வுவதை பிபிசியின் ‘புளூ பிளானட் 2’ 2017இல் காட்டியது.

சரி, இப்போது கொக்கி மாட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொடுவா இருக்கிற ஓலையை எல்லாம் முதலிலேயே எரித்துவிடும். மேலே எகிறும், தலையை உதறும், பிறகு வேர்களுக்குள் ஓடப் பார்க்கும். செவுள்மூடியின் விளிம்பு நரம்பை அறுத்துவிடும், கையையும் கிழிக்கும். ஆகவே கொக்கிக்கு மேலே கொஞ்ச தூரத்துக்குத் தடித்த நரம்பு கட்டுவார்கள். அந்த ஆரம்ப ஆட்டத்தைத் தாண்டிவிட்டால் மீன் பெரும்பாலும் உங்களுடையது.

பாறையும் முதலில் எரிப்பது ஓலையைத்தான், அதுவும் கட்டுக்கட்டாக. ஆனால் அது எகிறி நேரத்தை வீணாக்காது. தலையைக் கவிழ்த்து நேராகப் பவளத்திட்டுக்குள் இறங்கும். ஓலை தீர்ந்த பிறகும் கரி கனன்றுகொண்டிருக்கும். கை வலிக்கிறதே என்று நீங்கள் சற்று நிறுத்தினால், அந்த இடைவெளியில் தெம்பு சேர்த்து மறுபடி இழுக்கும். ஆகவே கனத்த தண்டு, பெரிய ரீல், நரம்பு எளிதில் உருவிப் போகாதபடி இறுக்கிய டிராக் வேண்டும். என்னைக் கேட்டால் இழுப்புக்குப் பாறை, குழம்புக்குக் கொடுவா.

பிடித்ததைத் திரும்ப விடுகிறவர்கள் சாம்பலை மறக்கக் கூடாது. கொடுவா பொதுவாக ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். ஆகவே பெரிய உருப்படி அநேகமாக முட்டையிடும் தாய், அது பிழைக்க வேண்டும். சாம்பல் குவிந்து களைத்த மீனை அப்படியே வீசினால் மிதந்துவிடலாம். தண்ணீருக்குள்ளேயே, தலை நீரோட்டத்தைப் பார்த்தபடி தாங்கிப் பிடியுங்கள். செவுள் வழியே ஆக்சிஜன் ஏற ஏற அது தேறும். வாலை உதறித் தானே கையை விட்டுப் போகும்வரை அவசரப்படாதீர்கள்.