வாள்வீரனும் மந்திரவாதியும் சமமாவது எப்படி?

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் ஒருவர் 'டன்ஜன் மாஸ்டர்'. இருண்ட குகை, அதைக் காக்கும் பூதம், ஊரை மிரட்டும் டிராகன் என்று கதைக்களத்தை அவர் விரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முடிவெடுத்து, ஒரே அணியாக முன்னேறுவார்கள். ஓங்கிய வாள் எதிரி மேல் பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அமெரிக்காவின் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் வெளியிட்ட விளையாட்டு இது.

பாத்திரத்தின் தொழிலுக்கு 'கிளாஸ்' என்று பெயர். முதலில் இருந்தவை மூன்றுதான்: போர்வீரன், மந்திரவாதி, தெய்வ அருளால் காயம் ஆற்றும் பூசாரி. பூட்டுத் திறக்கும், பொறி கண்டுபிடிக்கும் திருடன் 1975இல் வந்து சேர்ந்தான். 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு விதிநூலில் 12 கிளாஸ்கள் உள்ளன.

போட்டியே இல்லாத விளையாட்டில் சமநிலை எதற்கு? நான்கு மணி நேர ஆட்டத்தில் ஒருவருடைய பாத்திரமே எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிட்டால், மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க யாரும் வருவதில்லை.

1978இல் வந்த மேம்பட்ட பதிப்பின் விதிநூல், இந்தச் சமநிலையைக் காலத்தில் பரப்பி வைத்தது. பாத்திரம் வளர்ந்து ஏறும் படிகளே லெவல்கள். முதல் லெவலில் மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி, அதாவது அவன் தாங்கும் அடியின் அளவு, ஒரு நான்முகப் பகடையில் விழுவதுதான். போர்வீரனுக்கோ பத்துமுகப் பகடை. மந்திரவாதிக்கு மந்திரமும் ஒன்றே ஒன்று. அதைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டாம் லெவலுக்கு ஏறத் திருடனுக்கு 1,251 அனுபவப் புள்ளிகள் போதும். போர்வீரனுக்கு 2,001, மந்திரவாதிக்கு 2,501 தேவை. இத்தனையும் தாண்டிப் பிழைத்த மந்திரவாதி ஐந்தாம் லெவலில் நெருப்புக்கோளம் வீசுவான்; ஒரு கூட்டமே சாம்பலாகும். ஆனால் இந்தக் கணக்கு நேராக வேண்டுமானால் ஆட்டம் பல மாதங்கள் நீள வேண்டும். பாதியில் நின்றால் ஒருவருக்கு நஷ்டம்தான்.

அதே விதிநூலின் பாலடின் இன்னும் சுவையான பாத்திரம். இவன் அறத்துக்கு நேர்ந்துகொண்ட வீரன். பாலடின் ஆக, பகடை உருட்டி முடிவாகும் ஆளுமைப் பண்பில் 17 வேண்டும். மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டினால் 216 வழிகளில் நான்கில்தான் 17 அல்லது அதற்கு மேல் கிடைக்கும். அரிதாகக் கிடைப்பதே அவன் வலிமைக்கு விலை என்று நினைத்தார்கள். இது கோணலான கணக்கு. அதிர்ஷ்டம் ஒரே ஒரு முறை அடித்தாலும் அதன் பலன் ஒவ்வொரு ஆட்டத்திலும் தொடருமே!

அவனுக்கு விதித்த நோன்புகள் அதைவிடப் புத்திசாலித்தனமானவை. மந்திரப் பொருள்களைப் பத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தானம் செய்ய வேண்டும். தெரிந்தே தீமை செய்தால் பாலடின் என்ற தகுதியே போய்விடும். பலத்துக்குக் கடிவாளமாக இருக்கும் விதியே நடிப்பதற்கும் தீனி போடுகிறது. சிக்கல் எங்கே என்றால், அந்த நோன்பு பக்கத்தில் இருக்கும் திருடனின் கையையும் கட்டிவிடுகிறது. 'நான் இதை அனுமதிக்க மாட்டேன்' என்று பாலடின் நின்றால் சண்டை குகையை விட்டு மேசைக்கு வந்துவிடும்.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு எல்லாக் கிளாஸுக்கும் ஒரே அனுபவப் பட்டியலை வைத்தது. மந்திரவாதியின் வேகத்தடை அகன்றது. உயர் லெவல்களில் போர்வீரன் பின்தங்கினான். 2008இன் நான்காம் பதிப்பு இதைச் சரிசெய்ய எல்லாருக்கும் ஒரே அச்சில் திறன்களை வார்த்தது: நினைத்தபோதெல்லாம் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒரு முறை, நாளுக்கு ஒரு முறை. கணக்கு நேரானது. ஆனால் வாள் வீசுவதும் மந்திரம் சொல்வதும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று ஆட்டக்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள்.

ஐந்தாம் பதிப்பு மறுபடி வேறுபாட்டுக்குத் திரும்பியது. போர்வீரனின் வாள் தீர்ந்துபோவதில்லை. மந்திரவாதியின் பெரிய மந்திரங்கள் நெடிய ஓய்வுக்குப் பின்தான் திரும்புகின்றன. கதைக்குள் ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்கள் வரும் என்பது 2014 விதிநூலின் எதிர்பார்ப்பு. நாளுக்கு ஒரே சண்டை வைக்கும் மேசையில் மந்திரவாதி எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுத் தூங்கப் போய்விடலாம். அங்கே சமநிலை குலைவதற்கு விதிநூலைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால் கிளாஸ்களை எடைபோடும்போது யார் அதிகம் அடிக்கிறார் என்று மட்டும் பார்க்காதீர்கள். இந்தப் பாத்திரம் இல்லாவிட்டால் கதையில் எது நடக்காது என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்ல முடிந்த கிளாஸ் கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் ஆடத் தகுந்தது. புதிதாக ஆட வருகிறீர்களா? பலம் எது என்று தேடுவதற்கு முன், நான்கு மணி நேரம் யாராகப் பேச உங்களுக்குப் பிடிக்கும் என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.