தலைவர் இல்லாத ஊரில் கிராம சபை

2019 டிசம்பர் கடைசியில் சேலம், நாமக்கல் மாவட்டக் கிராமங்களில் ஓட்டுப் போட்டவர்களுக்கு நினைவிருக்கும். வாக்குச்சாவடியில் கையில் நான்கு சீட்டு கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். வயதானவர்கள் எந்தச் சீட்டு யாருக்கு என்று கேட்டுக் கேட்டே முத்திரை குத்தினார்கள்.

அந்த நான்கு சீட்டுக்குள் உலகத்தின் இரண்டு பெரிய ஆட்சிமுறைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. இளஞ்சிவப்புச் சீட்டில் நாமே நேராகத் தலைவரைத் தேர்ந்தெடுத்தோம். அமெரிக்க ஜனாதிபதி முறையின் சாயல் இது. வார்டு உறுப்பினர்கள் ஒன்றுகூடி நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு அவரை இறக்கிவிட முடியாது. பச்சைச் சீட்டின் கதை வேறு. அதில் ஜெயித்த கவுன்சிலர்கள் கூடி ஒன்றியக் குழுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் அவரை அனுப்பவும் முடியும். பிரிட்டனிலும் டெல்லியிலும் பிரதமர் நாற்காலி இப்படித்தான் நிற்கிறது.

ஆட்சிமுறைகளைப் பாடப்புத்தகம் பெயர் சொல்லிப் பிரிக்கும். எனக்கு இரண்டு கேள்வி போதும். யாரிடம் கணக்குக் கேட்கலாம்? சரியில்லை என்றால் யாரை, எப்படி இறக்கலாம்? இந்தக் கேள்விகளுக்கு நம் பகுதி வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பதில்களைப் பார்த்திருக்கிறது.

1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகால் பகுதியும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். பிறகு நிலம் 'மிட்டா' என்ற பெயரில் பகுதி பகுதியாகப் பிரித்து ஏலம் விடப்பட்டது. குடியானவன், ஏலம் எடுத்த மிட்டாதாரிடம் வரி கட்டினான். கணக்குக் கேட்கும் உரிமை அவனுக்கு இல்லை. இறக்கும் உரிமையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

1919-ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டையாட்சியைக் கொண்டுவந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி ஆகியவை தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்களுக்கு. நிதி, போலீஸ், நிலவரி ஆகியவை கவர்னரின் நிர்வாகக் குழுவுக்கு. பொறுப்பு ஒரு பக்கம், பணப்பெட்டி மறுபக்கம். 1926 முதல் 1930 வரை அந்த முறையில் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த ப. சுப்பராயன். அப்போது ஓட்டு சொத்துள்ளவர்களுக்கும் வரி கட்டுகிறவர்களுக்கும்தான்.

1937-இல் மாகாண சுயாட்சி வந்தது. சேலம் நகராட்சித் தலைவராக முன்பு இருந்த ராஜாஜி மாகாணப் பிரதமரானார். அந்த அக்டோபர் முதல் தேதி, இன்றைய நாமக்கல்லும் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் மாகாணத்திலேயே முதலாவதாக மதுவிலக்கு அமலானது. நம் ஓட்டால் வந்த அரசு நம் ஊரில் ஒரு சட்டத்தை நடத்திக் காட்டலாம் என்று தெரிந்தது அப்போதுதான். வயது வந்த அனைவருக்கும் ஓட்டு என்பதோ 1952 பொதுத்தேர்தலில்தான் கைக்கு வந்தது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலைத் தேர்வில் தொடங்கவில்லையே என்று சிலர் கேட்பார்கள். அங்கே குடத்தில் பெயர் போட வேண்டுமானால் நிலமும் சொந்த மனையும் வேண்டும். ஆனால் அந்தக் கல்வெட்டில் ஒரு விதி எனக்குப் பிடிக்கும்: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தேர்வில் இடம்பெறக் கூடாது. அந்த ஒரு விதி மட்டும் இன்று இருந்தால் பல ஊரில் வேட்பாளர் பட்டியல் பாதியாகிவிடும்.

இனி இன்றைய சங்கதி.

ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு, அதற்கு மேல் இல்லை என்கிறது அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு. அந்தக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபடி தேர்தல் நடக்க மூன்றாண்டுக்கு மேலானது. அதுவரை தனி அலுவலர்கள். 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தபோதும் அதே கதை. மறுநாளே நம் இரண்டு மாவட்ட ஊராட்சிகளும் தனி அலுவலர்களிடம் போயின. முதலில் ஆறு மாதம் என்றார்கள், பிறகு நீட்டித்தார்கள்.

கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் என்றால் பெரும்பாலும் வட்டார வளர்ச்சி அலுவலர். 2019 தேர்தலின்போது சேலத்தில் 20 ஒன்றியங்களில் 385 ஊராட்சிகள், நாமக்கல்லில் 15 ஒன்றியங்களில் 322 ஊராட்சிகள். சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு இருபது ஊராட்சி. இருபது ஊர்த் தெருவிளக்கும் இருபது ஊர்க் குடிநீர்க் குழாயும் ஒரே அலுவலர் தலையில். அவர் நல்லவரா, கெட்டவரா என்பது கேள்வியே இல்லை. அவரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை, நம்மால் இறக்கவும் முடியாது. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஒரு காவல். தேர்ந்தெடுத்தவர்கள் இல்லாதபோது அதுவும் அலுவலர்கள் கைக்குப் போய்விடுகிறது. பண நஷ்டமும் உண்டு: 2016-க்குப் பிறகு தேர்தல் நடக்காத காலத்தில் மத்திய நிதிக்குழு மானியம் தமிழக உள்ளாட்சிகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது.

"தலைவரே இல்லைங்க, இனி யாருகிட்டப் போயிக் கேக்கறதுங்க?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஊராட்சி மன்றத்தின் காலம் முடியும். கிராம சபைக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். பதவியேற்பும் இல்லை, பதவிக்காலமும் இல்லை. அலுவலர் ஆட்சியிலும் அது கூடியாக வேண்டும்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன்படி ஊர் வளர்ச்சித் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, சென்ற ஆண்டின் தணிக்கை அறிக்கையை ஏற்பது, திட்டங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பரிசீலிப்பது எல்லாம் கிராம சபையின் வேலை. சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலத்தில் மக்கள் ஆண்டுக்கொரு முறை திறந்தவெளியில் கூடிக் கையைத் தூக்கிச் சட்டத்தையே முடிவு செய்கிறார்கள். அதைப் பார்க்கச் சுற்றுலாக் கூட்டம் போகிறது. நம் ஊர்ப் புளியமரத்தடியில் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் உரிமை இருக்கிறது. நாம்தான் போவதில்லை.

போகாததன் ஆபத்து சின்னதல்ல. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த எண்ணிக்கைக்காக நோட்டை வீடு வீடாகத் தூக்கிவந்து கையெழுத்து வாங்கும் பழக்கம் பல ஊரில் உண்டு. நூறு நாள் வேலைத் தளத்திலேயே வாங்குவதும் உண்டு. நீங்கள் பார்க்காத தீர்மானத்துக்கு உங்கள் கையெழுத்து சாட்சியாகிவிடும். வெற்றுத் தாளில் போடாதீர்கள். தீர்மானம் எழுதி வாசித்த பிறகு போடுங்கள். தலைவர் பதவியில் பெண் இருக்கும் காலத்தில் அவர் கணவர் மேடையேறிக் கூட்டம் நடத்தினால், "தலைவர் பேசட்டும்" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கிராம சபையால் ஆகாததும் இருக்கிறது. 277 கிலோமீட்டர் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்கு நிலம் எடுக்கத் தொடங்கியது தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் கீழ். அதற்கு ஊரின் சம்மதம் தேவையில்லை. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஆரம்ப அறிவிக்கை செல்லும் என்றது. ஆனால் மேற்கொண்டு நிலம் எடுக்குமுன் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. முழு வெற்றியும் அல்ல, முழுத் தோல்வியும் அல்ல. மன்னராட்சியிலோ கம்பெனி ஆட்சியிலோ இந்த வழக்கே இருந்திருக்காது.

சரி, உங்கள் ஊர்த் தீர்மானம் அலமாரியில் தூங்கினால்? தீர்மான நகல், வரவு செலவு, பணிக்கான மதிப்பீடு ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு, அதன்பின் மாநிலத் தகவல் ஆணையம். அந்த நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். வெறும் மனுவுக்கும் நகல் இணைத்த மனுவுக்கும் உள்ள மரியாதை வேறு. ரசீது எண் வாங்காமல் திரும்பாதீர்கள். தேர்ந்தெடுத்த தலைவரே தவறு செய்கிறார் என்றால் ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவின்படி விளக்கம் கேட்டு, ஊராட்சி மன்றத்தின் கருத்தையும் பெற்று, நீக்கும் அதிகாரம் ஆட்சியருக்கு இருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்தவரை அலுவலர் நீக்கலாம் என்பது எனக்கு உவப்பான ஏற்பாடு அல்ல. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. கடைசி வழி அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றம். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பாராமல் உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வீட்டுக் காலண்டரில் இந்த ஆறு தேதியையும் வட்டமிட்டு வையுங்கள். அடுத்து வரும் தேதியில் ஒரே ஒரு கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்: போன கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆனது?