பாய்ந்து வரும் நாயைப் போலீசார் சுடலாமா?

மாலை நேரம். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, ஒரு கோப்பைத் தேநீரோடு அஞ்சடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுத் தகராறு ஒன்றை விசாரிக்க வந்த போலீசார் இருவர், வீடு மாறி உங்கள் வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறார்கள். கட்டாமல் விட்டிருந்த உங்கள் நாய் குரைத்துக்கொண்டே பாய்கிறது. "டேய், இங்கே வாடா!" என்று நீங்கள் எழுந்திருப்பதற்குள் ஒரு வெடிச் சத்தம். ஐந்து வருடமாக உங்கள் பிள்ளைகளோடு பிள்ளையாய் வளர்ந்த ஜீவன், வாசற்படியில் துடித்துக் கிடக்கிறது.

உங்கள் மனம் என்ன பாடுபடும்?

இப்போது கொஞ்சம் இடம் மாறி நில்லுங்கள். அந்தப் போலீஸ்காரர் நீங்கள்தான். முன்பின் அறியாத வீடு. பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு பெரிய நாய் உங்கள் மேல் பாய்கிறது. அது கடிக்கிற நாயா, வெறுமனே குரைக்கிற நாயா? நின்று யோசிக்க உங்களுக்குக் கிடைப்பது இரண்டே விநாடி. உங்கள் வீட்டிலும் மனைவி மக்கள் காத்திருக்கிறார்கள்.

நாயைப் பறிகொடுத்தவர் பக்கமும் நியாயம் உண்டு. சுட்டவர் பக்கமும் நியாயம் உண்டு. அப்படியானால் தவறு எங்கே? வாசகர்களே, பொறுமையாகப் பார்ப்போம்.

இந்தக் கேள்வி நீதிமன்றப் படியேறி, ஆண்டுக்கணக்கில் வாதாடப்பட்ட நாடு அமெரிக்கா. அங்கே லட்சக்கணக்கான வீடுகளில் நாய் வளர்க்கிறார்கள். போலீசாரின் இடுப்பிலோ எப்போதும் துப்பாக்கி தொங்குகிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்பதை அங்கே நடந்த வழக்குகள் நமக்குச் சொல்கின்றன.

போலீசார் பக்கம்

ஒரு நாய் ஒரு குழந்தையைக் கவ்விக்கொண்டு விட மறுக்கிறது என்றால், அதைச் சுடுவதா வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்த யாருக்கும் மனம் வராது. மனித உயிர்தான் பெரிது. இதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை.

நீதிமன்றங்களும் இதை ஒப்புக்கொள்கின்றன. மிச்சிகன் மாநிலத்தில் போதைப்பொருள் தேடி ஒரு வீட்டுக்குள் நுழைந்த போலீசார், அங்கிருந்த இரண்டு பெரிய நாய்களைச் சுட்டுவிட்டார்கள். 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கில் போலீசார் பக்கமே தீர்ப்பளித்தது. ஆபத்தான வீடு, கட்டாத பெரிய நாய்கள், அவசர நேரம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் செய்ததைக் குறை சொல்வதற்கில்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு.

ஒரு வாரம் இருந்ததே!

இன்னொரு வழக்கு இதற்கு நேர்மாறானது. 1998-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில், ஒரு கொலை வழக்குத் தொடர்பாக 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்னும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தாரின் வீடுகளைச் சோதனையிடப் போலீசார் சென்றார்கள். அங்கே காவல் நாய்கள் இருப்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். திட்டம் போட ஒரு வாரம் அவகாசமும் இருந்தது. கடைசியில் மூன்று நாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டன.

2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் போலீசாரைப் பார்த்துக் கேட்டதன் சாரம் இதுதான்: நாய் இருப்பது தெரியும், ஒரு வாரம் நேரமும் இருந்தது, அப்படியிருக்கச் சுடுவதைத் தவிர வேறு வழியை நீங்கள் ஏன் யோசிக்கவில்லை? காரணமில்லாமல் ஒருவருடைய நாயைக் கொல்வது, அவருடைய உடைமையை முறையின்றிப் பறிப்பதற்குச் சமம் என்று இதே நீதிமன்றம் 1994-இலேயே கூறியிருந்தது.

கவனித்தீர்களா? இந்தத் தீர்ப்பு எடைபோட்டது சுட்ட அந்த இரண்டு விநாடியை மட்டும் அல்ல. அதற்கு முன்னால் வீணாய்ப் போன அந்த ஒரு வாரத்தையும்தான். நான் சொல்ல வருவதும் இதுவே. சுடும் நேரத்தில் வேறு வழி இல்லாமல் இருக்கலாம். ஆனால் வேறு வழி இல்லாமல் போகும்வரை என்ன செய்துகொண்டிருந்தோம்?

குண்டுக்குக் கண் உண்டா?

ஓடிவரும் நாய் எளிதான குறி அல்ல. உயரம் குறைவு, ஓட்டமோ வேகம். தவறிய குண்டு தரையில் பட்டுத் தெறித்து எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2019 ஆகஸ்டில் டெக்ஸஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு பெண் புல்தரையில் விழுந்து கிடக்கிறாள், அவளுக்கு என்னவாயிற்றோ பாருங்கள் என்று போலீசாருக்குத் தகவல் போனது. வந்த அதிகாரியை நோக்கி, அங்கிருந்த நாய் ஒன்று ஓடிவந்தது. அவர் சுட்டார். குண்டு பாய்ந்தது அந்தப் பெண்ணின் மேல். உதவி செய்யப் போன இடத்தில் ஓர் உயிர் போயிற்று.

2024 மே மாதம் மிசூரி மாநிலத்தின் ஸ்டர்ஜன் என்னும் சிற்றூரில் நடந்தது வேறு விதம். வழிதவறி வந்த ஒரு சின்ன நாயைப் பிடித்துக்கொண்டு போகும்படி பக்கத்தில் இருந்தவர் அழைத்தார். வந்த அதிகாரி சுருக்குக் கோலால் சிறிது நேரம் பிடித்துப் பார்த்தார், முடியவில்லை. துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டார். ஆறு கிலோ எடைகூட இல்லாத அந்த நாய்க்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது! அது யார் மேலும் பாயவில்லை. நாயின் சொந்தக்காரர் வழக்குப் போட்டார்; 5 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானமாக வேண்டியதாயிற்று.

தபால்காரரைப் பாருங்கள்

"நாய்க்கு முன்னால் வேறு என்னதான் செய்வது?" என்று கேட்பீர்கள். தபால்காரரைக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தபால்காரர்களை நாய்கள் தாக்குகின்றன. அவர்கள் யாரும் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. நாய்க்கு முதுகைக் காட்டாமல், தபால் பையைக் கேடயம்போல் முன்னால் பிடித்துக்கொண்டு பின்வாங்கும்படி அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவசரத்துக்குக் கையில் ஒரு மருந்துத் தெளிப்பான்.

இதைப் போலீசாருக்கும் கற்றுத் தந்தால் என்ன? கொலராடோ மாநிலம் 2013-இல் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. நாயின் குணத்தையும் உடல் அசைவையும் கண்டுகொள்ளப் போலீசாருக்குப் பயிற்சி தர வேண்டும். ஆபத்தில்லாத விசாரணை என்றால், நாயைப் பிடித்துக் கட்ட வீட்டுக்காரருக்கு முதலில் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். "ஐயா, நாயைக் கொஞ்சம் கட்டுங்கள்" என்ற ஒரு வார்த்தை, எத்தனை குண்டுகளை மிச்சப்படுத்தும்!

நம் நாட்டில்

நம் பக்கத்தில் போலீசாரைவிட, தெருநாய் சுட வருகிறவர்களைத்தான் மூத்தவர்களுக்கு அதிகம் நினைவிருக்கும். பெரட்டுக்குப் போகும் இருட்டில் கூடவே ஓடிவந்த நாய், மத்தியானம் லயத்துக்குத் திரும்பும்போது இல்லை என்று அழுத பிள்ளைகள் எத்தனை பேர்!

அதற்குச் சொல்லப்பட்ட காரணம் வெறிநாய்க்கடி. அந்தப் பயம் பொய்யல்ல. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்த நோய் தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் பரவி, குழந்தைகளையும் பலி கொண்டது. நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது.

ஆனால் அந்த நோயைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கடித்த நாயைப் பிடித்து அடைத்து, பத்து நாள் கவனிக்க முடிந்தால் அதுவே நல்லது. பத்து நாளும் நாய் நலமாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளலாம். நாய் இறந்துவிட்டால் அதன் மூளையைச் சோதித்துத்தான் நோயை உறுதிப்படுத்த வேண்டும். தலையில் சுட்டால் அந்தச் சோதனையும் கெட்டுப்போகும்! நோயை ஒழிக்கும் வழி, நூற்றுக்கு 70 நாய்களுக்காவது தடுப்பூசி போடுவதே என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சிங்கப்பூரில் 2018 முதல் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கப்பட்டது. மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, பிராணியை வதைப்பவருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

நம் கையில் இருக்கும் கயிறு

போலீசாரைக் கேள்வி கேட்டோம். இனி நம்மையும் கேட்டுக்கொள்வோம். பகலில் சங்கிலி, இரவில் "திருடன் வருவான்" என்று அவிழ்த்துவிடுவது நம்மில் பலருடைய வழக்கம் அல்லவா? அவிழ்த்துவிட்ட நாய்க்குத் திருடனும் ஒன்றுதான், பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒன்றுதான். ஆபத்தான பிராணியை அடக்கி வைக்கத் தவறினால், மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 289-ஆம் பிரிவு உரிமையாளரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் என்பதை மறக்காதீர்கள்.

ஆகவே நாய்க்கு உரிமம் எடுங்கள், தடுப்பூசி போடுங்கள். வேலிக் கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பாருங்கள். 'நாய் உண்டு' என்று ஒரு பலகை எழுதி மாட்டுங்கள். போலீசாரோ தபால்காரரோ வாசலில் நின்றால், பேச்சை ஆரம்பிக்கும் முன் நாயைப் பிடித்துக் கட்டுங்கள்.

வழியில் ஒரு நாய் உங்களை நோக்கிப் பாய்ந்தால் ஓடாதீர்கள், ஓடினால் துரத்தும். அதன் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். மரம்போல் நின்று, கையில் இருக்கும் குடையையோ பையையோ குறுக்கே பிடித்து, மெல்ல விலகுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். கடித்துவிட்டால், காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தப் பத்து நாளைக் காத்திருக்கலாம் என்று நீங்கள் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்!

பாய்ந்து வரும் நாயைப் போலீசார் சுடலாமா? மனித உயிருக்கு உண்மையிலேயே ஆபத்து வந்து, வேறு வழியே இல்லாதபோது சுடலாம். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளப் போலீசாருக்குப் பயிற்சி வேண்டும். நமக்குப் பொறுப்பு வேண்டும்.

இன்று இரவு படுக்கப் போகும் முன், ஒருமுறை வெளியே எட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டு நாய் கட்டியிருக்கிறதா?