ஒல்லாந்து ஆலையும் ஆபிரிக்கர் ஆடையும்

ஒரு மக்கட் கூட்டத்தாரின் மரபுடை அவர்தம் நாட்டிலேயே ஆக்கப்படும் என்று கருதுதல் இயல்பு. மேற்கு ஆபிரிக்காவின் மெழுகச்சுப் புடைவையோ இக்கருத்துக்கு மாறானது. கானா, தோகோ முதலிய நாடுகளிலே மணவினைக்கும் இழவுக்கும் உடுக்கப்படும் இப்புடைவைகளுள் உயர்ந்ததெனப் போற்றப்படுவது ஒல்லாந்து நாட்டு ஹெல்மொண்ட் நகரில் அச்சிடப்பட்டதாகும்.

அந்நகரில் 1846 ஆம் ஆண்டு தோன்றிய ஆலையே விளிஸ்கோ. யாவாத் தீவின் பற்றிக் துணியை இயந்திரத்தாற் போலச்செய்து அத்தீவினர்க்கே விற்பது ஒல்லாந்தர் நோக்கமாயிருந்தது. கையால் மெழுகிடுவதற்குப் பதிலாக, உருளைகளால் துணியின் இருபுறத்தும் பிசினைப் பதித்து நீலச் சாயத்தில் தோய்த்தனர். பிசின் வெடித்த இடங்களிற் சாயம் புகுந்து நரம்பு போன்ற கோடுகள் தோன்றின. யாவா மக்கள் குறையெனத் தள்ளிய அக்கோடுகளை, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கு ஆபிரிக்கர் அழகெனக் கொண்டனர்.

வடிவத்தை வரைந்தது ஆலை. அதற்குப் பொருள் தந்தவர் சந்தைப் பெண்கள். கூட்டினின்று பறக்கும் பறவை வரைந்த துணிக்கு அவர் இட்ட பெயர், ‘நீ வெளியே சென்றால் நானும் செல்வேன்’ என்பது. கணவனுக்கு மனைவி விடுக்கும் எச்சரிக்கை அது. பெயர் பெற்ற துணி விரைந்து விலைபோயிற்று. தோகோவின் தலைநகராகிய லோமேயில் குறித்த சில வடிவங்களை விற்குந் தனியுரிமை பெற்ற பெண் வணிகர், மெர்சிடிஸ் பென்ஸ் கார் வாங்குமளவுக்குச் செல்வம் ஈட்டினர். ‘நானா பென்ஸ்’ என அழைக்கப்பட்டனர்.

ஆயினும் அச்செல்வம் பிறர் ஆலையைச் சார்ந்து நின்றது. 1994 ஆம் ஆண்டு அந்நாட்டு நாணயமாகிய சீ.எப்.ஏ. பிராங்கின் மதிப்பு அரைவாசியாகக் குறைக்கப்படவே, இறக்குமதித் துணியின் விலை ஏறிற்று. பின்னர் சீன நாட்டு மலிவுப் போலிகள் சந்தையை நிரப்பின. வணிகப் பெண்கள் பலர் நலிந்தனர். ஆலையோ ஆபிரிக்க நகரங்களில் தானே கடைகளைத் திறந்தது. கானாவின் தேமாவிலும் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானிலும் உள்நாட்டு அச்சாலைகள் எழுந்தனவெனினும், அவையும் விளிஸ்கோக் குழுமத்தைச் சேர்ந்தனவே. 2010 இல் அக்குழுமம் ஆக்டிஸ் என்னும் பிரித்தானிய முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று.

ஆலை, இயந்திரம், வடிவுரிமை ஆகியன ஏட்டில் எழுதப்படும் உடைமைகள். அவற்றை வாங்கலாம், விற்கலாம். துணிக்குச் சந்தையில் இட்ட பெயரோ எவ்வேட்டிலும் ஏறாத உடைமை. விலையை உயர்த்தியது இவ்வுடைமை. ஊதியத்தைப் பகிர்ந்தது அவ்வுடைமை. உடுப்போர் நாட்டிற்கு ஆலையிற் பங்கில்லாவிடத்து, மரபின் பெருமை அவர்க்கும் அதன் பயனிற் பெரும்பகுதி பிறர்க்குமாகும் என்பதற்கு இப்புடைவையே சான்று.